முஸல்லம் குடிக்காத காப்பி

உம் சைஹூன்,
வெள்ளம் வடிந்த மறுநாள்.

தர்ஃபாவின் அப்பாவுக்கு ஃபித்தா எழுதுவது. தபூக்கில் வேலையிடத்தில் நீங்கள் நலமாக இருக்க இறைவன் அருள வேண்டும்.

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: நம் மகள் உயிரோடு இருக்கிறாள். இடது கையில் ஒரு கட்டு, நெற்றியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இனி உங்கள் அண்ணன் முஸல்லத்தின் பெயர் வரும். அதைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள், நான் ஏனென்று கேட்கமாட்டேன்.

திரும்பி வந்து குடியேறுவேன் என்று வீம்புக்குக் குகையிலேயே விட்டு வந்தீர்களே, மாமாவின் காப்பி உரல், அதை எடுத்து வந்து வீட்டில் வை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நேற்றுக் காலை தர்ஃபாவோடு பெட்ராவுக்குள் இறங்கினேன். பிறந்த இடத்தைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. நம் குகை வாசலில் வெள்ளைக்காரர் ஒருவர் சுவரில் இருந்த கரியைத் தொட்டுப் பார்த்து, இது ராஜா காலத்துக் கரியா என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “எங்கம்மா ரொட்டி சுட்ட கரி அது” என்று உங்கள் மகள் பட்டென்று சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உரல் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா கேட்டதை நான்தான் சுமப்பேன் என்று அவள் அடம்பிடித்தாள். உலக்கையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கனத்தோடு மேட்டுப் பாதையில் ஏற முடியாது என்று ஓடை மணலிலேயே நடந்தோம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஷரா மலைப் பக்கம் கருத்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. அதற்குள் வீடு போய்விடலாம் என்று நினைத்தேன்.

பாறைத் திட்டின் மேல் உங்கள் அண்ணனின் தேநீர்க் கடை. அங்கிருந்து கத்தினார்: “ஏ ஃபித்தா! மலையில மழை கொட்டுது! புள்ளய இழுத்துக்கிட்டு மேல ஏறு!”

காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் நீங்கள் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? அவர் முகத்தில் முழிக்காதே, கூப்பிட்டாலும் திரும்பாதே என்றுதானே? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். வீறாப்பு உங்களுடையது, நடந்த கால் என்னுடையது.

மறுபடியும் கத்தினார்: “என் மேல கோவம்னா அப்புறமா வந்து காறித் துப்பு! இப்ப ஏறுடீ!”

அப்போதுதான் சேற்று வாடையோடு குளிர்காற்று முகத்தில் அடித்தது. பின்னாலேயே இரைச்சல். நான் பக்கத்துப் பாறையில் தாவி ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், தர்ஃபா இடுப்பளவு தண்ணீரில் உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் கை எட்டவில்லை. உங்கள் அண்ணன் திட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்து ஒரு கையால் பாறையையும் மறு கையால் அவள் தோளையும் பிடித்தார். உரலோடு சேர்த்து இழுக்க முடியவில்லை.

“உரல விடுடீ!”

“அப்பா கேட்டது, பெரியப்பா!”

“ஒங்கப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். விடு!”

விட்டாள். செந்தண்ணீரில் ஒரு தரம் தலைகாட்டிவிட்டு உரல் போய்விட்டது. நாங்கள் மேலே ஏறி உட்கார்ந்தபோது உலக்கை மட்டும் என் கையில் இருந்தது.

குகைகளைக் காலி செய்தால் இந்த ஊரில் வீடும் குழாயும் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னதும் முதலில் கைநாட்டு வைத்தவர் அவர் என்பதுதானே உங்கள் கோபம்? அப்பன் குகையைக் குழாய்த் தண்ணீருக்கு விற்றவன் என்று ஊர் நடுவில் வைத்துச் சொன்னீர்கள். அந்தக் குழாயில்தான் நேற்று நம் மகள் உடம்பிலிருந்த சேற்றைக் கழுவினேன். இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் அவரும் உங்கள் அண்ணியும் வந்தார்கள். நம் வாசற்படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. காப்பிக்கொட்டையைத் துணியில் முடிந்து, தரையில் வைத்து உலக்கையால் இடித்தேன். ஊற்றிக் கொடுத்ததும் வாயருகே கொண்டுபோகாமல் கோப்பையைத் தன் முன்னால் கீழே வைத்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாக்குக் கேட்டு வந்திருக்கிறார், அது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். பழைய சண்டையைத் தீர்க்கச் சொல்லத்தான் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் சொன்னது இதுதான்: “சமாதானம் பேச வரல, ஃபித்தா. அவன் பேசுறப்ப பேசட்டும். உரல் போனதுக்காகப் புள்ளய ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவன் வாக்கு குடுத்தா குடிக்கிறேன்.”

தனக்கென்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. சரி என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த வாக்கு வீட்டு ஆண் கொடுக்க வேண்டியது. நான் கொடுத்து நீங்கள் மீறினால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

தர்ஃபா நேற்றிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை. அப்பா என்ன சொல்வார் என்று மட்டும் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

இதைக் கொண்டுவரும் லாரிக்காரர் நாளை மறுநாள் அங்கிருந்து திரும்புகிறார். ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் போதும். அவர் வண்டியில் பக்கத்து இருக்கை காலிதான், கேட்டு வைத்திருக்கிறேன்.

இறைவன் உங்கள் கைக்குப் பலமும் மனதுக்கு இளக்கமும் தரட்டும். அந்தக் கோப்பையை நான் கொட்டவில்லை, கழுவவும் இல்லை. தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள்
ஃபித்தா