முப்பதாம் நோன்பன்று பார்த்துக்கொள்ளலாம்

26 ரமலான் 1443 — 28 ஏப்ரல் 2022, வியாழன்

தைப்பிங்கின் வழக்கமான பிற்பகல் மழை. கோலாலம்பூரிலிருந்து மகள் நோரிமாவும் பேத்தி ஷீராவும் பெருநாளுக்கு வந்து சேர்ந்தனர். கூடத்துக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருப்பதை ஷீராதான் கண்டுபிடித்தாள், என் இரத்தம். வயது ஏழு. தாத்தாவான என்னை மலாய் வழக்கில் தோக் என்றுதான் கூப்பிடுவாள். இவ்வாண்டுதான் முதன்முதலாக முழு நோன்பு. இதுவரை ஒன்றையும் விடவில்லையாம்.

இரண்டு முறை தும்மினாள். பேருந்தின் குளிரூட்டி செய்த வேலை.

27 ரமலான் — 29 ஏப்ரல், வெள்ளி

தும்மல் மூக்கொழுகலாக முன்னேறியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. நோரிமா கோவிட் கிட்டை மேசைமீது வைத்தாள்.

"ஒரு தடவ எடுத்துப் பாத்துடலாம்பா. பெருநாளன்னிக்கு அத்தை வீட்டுக்குப் போறோம். அவங்க நுரையீரல் இருக்கிற இருப்புக்கு..."

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றேன்.

ஷீரா இரு கைகளாலும் மூக்கை மூடிக்கொண்டாள். "மூக்குக்குள்ள குச்சி போனா நோன்பு முறிஞ்சிடும்! மதரசா உஸ்தாஸா சொன்னாங்க. இல்ல, தோக்?"

முறியாது என்று மார்க்க அறிஞர்கள் எப்போதோ கூறிவிட்டார்கள். அச்செய்தியைக் கத்தரித்துக் கோப்பில் வைத்தவனே நான்தான். இருந்தும், "குழந்தை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று சொன்னதும் இதே வாய்.

"சரி, நோன்பு தொறந்ததும் எடுப்போம்" என்றாள் நோரிமா.

நோன்பு திறந்தோம். ஷீரா கஞ்சிக் கிண்ணத்தின் அருகிலேயே உறங்கிப்போனாள். எழுப்ப வேண்டாம் என்று தடுத்ததும் நானே.

28 ரமலான் — 30 ஏப்ரல், சனி

என்னை நானே விசாரித்துக்கொள்கிறேன். எதற்கு அஞ்சுகிறேன், நோய்க்கா, கிட்டில் விழும் கோட்டுக்கா?

இரண்டு பெருநாள்களைத் தொலைபேசியிலேயே கழித்தாயிற்று. சென்ற ஆண்டு அக்கா ஸவியாவின் கணவர் மௌத்தானபோது ஊரடங்கு, மாவட்டம் தாண்ட அனுமதி இல்லை. அக்கா இருக்கும் கோலகங்சார் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த முற்றத்தில் நின்றுதான் துஆ செய்தேன். பெருநாள் காலையில் அக்காவோடு அவருடைய கபுருக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு கோடு விழுந்தால் போக முடியாது. பார்க்காவிட்டால் கோடு இல்லை. — இது என்ன தர்க்கம்? ஷீராகூட இப்படிப் பேசமாட்டாள்.

அக்கா காலையில் அழைத்தாள். "டின், இந்தத் தடவயும் வரலேன்னா நான் உனக்கு அக்காவும் இல்ல, உனக்கு ரெண்டாங் கறியும் இல்ல."

முடிவெடுத்துவிட்டேன். நாட்காட்டியின்படி பெருநாள் மே 3, செவ்வாய். பரிசோதனை மே 2, திங்கள், முப்பதாம் நோன்பு திறந்த பின். அதற்குள் சளி தானாகவே வற்றிவிடும். சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

"மூக்கு காஞ்சா கிருமியும் காஞ்சிடுமாப்பா?" என்றாள் நோரிமா.

வட்டமிட்ட தேதியை நான் மாற்றுவதில்லை என்றேன்.

29 ரமலான் — 1 மே, ஞாயிறு

காலை: மூக்கு பெருமளவு காய்ந்துவிட்டது. சொன்னேன் அல்லவா.

மாலை: பிறை தெரிந்துவிட்டது!

நோன்பு திறந்துவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். முப்பதாம் நோன்பு கிடையாது, நாளையே பெருநாள் என்று அறிவித்துவிட்டார்கள். இவ்வீட்டில் மூன்று நாட்காட்டிகள். மூன்றும் செவ்வாய் என்கின்றன. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சட்டிகள் உருளும் சத்தம். எங்கள் இறைச்சியோ உறைபெட்டியில் கல்லாகக் கிடக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் தபால் நிலையத்தில் தினமும் தேதி முத்திரையை மாற்றி வைத்தவன் நான். என் கையிலிருந்தே ஒரு நாள் நழுவிவிட்டது.

தொலைபேசி அலறியது.

"டின்! இப்ப என்னடா சொல்லுது உன் காலண்டர்? காலைல பத்து மணிக்குள்ள வந்து நில்லு. கபுருல தூவ ரம்பை இலையும் பூவும் நறுக்கியாச்சு."

திரும்பினால் நோரிமா கையில் கிட்டுடன் நின்றாள். தள்ளிப்போட என்னிடம் தேதி ஏதும் மிச்சமில்லை.

ஷீரா தானாகவே முகத்தை நிமிர்த்தினாள். "நோன்புதான் முடிஞ்சிருச்சே. இனிமே முறியறதுக்கு என்ன இருக்கு?"

முதல் கோடு உடனே வந்தது. இரண்டாவது மங்கலாக, பென்சிலால் இழுத்து அழித்ததுபோல. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். விளக்கடியில் பார்த்தேன்.

"கொஞ்சம் சாய்ச்சா தெரியலயே."

"சாய்க்காமப் பாருங்கப்பா."

"நான் தோத்துட்டேனா, தோக்?" என்றாள் குழந்தை.

"நீ இல்ல கண்ணு. உன் தோக்கோட காலண்டர்தான் தோத்துச்சு."

அக்காவை அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சிழுக்கும் சத்தம். அழுகிறாளோ — அப்புறம் பார்த்தால், சிரிக்கிறாள்! மூச்சிரைக்க இரைக்கச் சிரிக்கிறாள்.

"இங்க என் மருமக ரோஸ்னாவுக்கு ரெண்டு நாளா தும்மல். கோவிட் கிட்டை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கேன். உன் காதுல விழுந்தா பெருநாளையே தள்ளி வச்சிடுவியேன்னு!"

"இப்பவே எடுத்து அவளுக்குப் பாரு!"

"கத்தாதடா, காது நல்லாத்தான் இருக்கு."

கால் மணி நேரம் கழித்து அழைத்தாள். ஒரே கோடு. பிறகு சிரிப்பு வற்றிய குரலில், "நீங்க வந்திருந்தீங்கன்னா, டின்..." என்று நிறுத்திவிட்டாள்.

அவளைக் காப்பாற்றிய இந்தப் பரிசோதனையைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

1 ஷவ்வால் — 2 மே, திங்கள்

பெருநாள். தொழுகை வீட்டிலேயே. ரெண்டாங் அடிப்பிடித்துவிட்டது. ஷீரா புத்தாடை உடுத்தி, முகக்கவசத்துடன் ஜன்னலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் கையசைத்தாள்.

3 ஷவ்வால் — 4 மே, புதன்

தொண்டை வலி. எனக்கும் இரண்டு கோடு. என்னுடையது மிகத் தெளிவானது. சாய்த்துப் பார்க்க அவசியமே ஏற்படவில்லை.

10 ஷவ்வால் — 11 மே, புதன்

மூவருக்கும் ஒரே கோடு.

13 ஷவ்வால் — 14 மே, சனி

கோலகங்சார். அக்கா இளைத்திருக்கிறாள், வாய் இளைக்கவில்லை. புதிதாக ரம்பை நறுக்கி வைத்திருந்தாள். மைத்துனரின் கபுரில் நான் யாசீன் ஓத, ஷீரா தண்ணீர் ஊற்றினாள். எழுந்திருக்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

மேசைமேல் மூடி ஒட்டிய பலகார ஜாடி ஒன்று. ரோஸ்னா சொன்னாள்: "யாரையும் தொட விடலீங்க. பேரப்பசங்க கேட்டாலும், பெருநாள் இன்னும் வரலேன்னுட்டாங்க."

"வரலதானே? இன்னைக்குத்தான் ஷவ்வால் ஒண்ணு" என்றாள் அக்கா.

திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் ஓர் அன்னாசிப் பலகாரத்தை அதில் திணித்துவிட்டாள். சற்று நமத்திருந்தது. மூன்று தின்றேன்.

மேலே தேதியைத் தவறாக எழுதியிருக்கிறேன். ஷவ்வால் 1 என்று இருக்க வேண்டும்.