அப்பாவுக்கு ஸ்டாக்ஹோமில் மூன்று நாள்

ஜெலுத்தோங், பினாங்கு
12 மார்ச் 2025

என் செல்ல மகள் காமினிக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். சர்க்கரை மட்டும் சொல்பேச்சு கேட்பதில்லை, உன்னைப் போல. நீயும் குட்டியும் அந்தப் பையன் மத்தியாஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் கூப்பிட்டால் “ம்”, “சரிப்பா” என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுகிறாய். தாளில் என்றால் ஒரு பக்கமாவது எழுதித்தானே ஆக வேண்டும்? அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் வரலாம் என்று இருக்கிறேன். மூன்றே நாள். பயப்படாதே, உன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ள மாட்டேன், ஹோட்டல் போதும். உன் அண்ணன் லோகேஸ்வரன் டிக்கெட் எடுத்துத் தருகிறான். முப்பது வருடம் வேன் வைத்து ஊருக்கு வந்தவர்களுக்கெல்லாம் பினாங்கைச் சுற்றிக் காட்டியாகிவிட்டது. ஒரு தடவை என்னையும் யாராவது சுற்றிக் காட்டட்டுமே. அங்கே அரண்மனை, பழைய நகரம் எல்லாம் இருக்கிறதாமே.

அதெல்லாம் சாக்குதான். எனக்கு எழுபத்தொரு வயது. குட்டிக்கு ஆறு ஆகப்போகிறது. கைக்குழந்தையாக அவளை ஹோட்டல் வாசலில் பார்த்ததோடு சரி. ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் பதிலுக்காக தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கப்போகும்,
அப்பா சந்திரசேகரன்


ஸ்டாக்ஹோம்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் சமையலறை மேசையிலேயே கிடந்தது. “பதில் எழுது” என்று மத்தியாஸ்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியை நான் மறக்கவில்லை. எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தோம். எங்களைச் சூலியா தெரு ஹோட்டலில் இறக்கிவிட்டு, “அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கு, வேப்பிலை கட்டியிருக்கு, கைக்குழந்தையோட வராத லா” என்றீர்கள். வேப்பிலை கட்டிய கேட்டைப் படம் எடுத்தும் அனுப்பினீர்கள். பக்கவாதத்தில் படுத்திருந்த அம்மாவோடு போனில் பேசவும் முடியவில்லை. கேட்டபோதெல்லாம் “தூங்குறா” என்றீர்கள்.

கையில் ஓர் அட்டவணையைக் கொடுத்தீர்கள். வெள்ளி, கொடிமலை. சனி, பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டம். ஞாயிறு மாலை, சொந்த நேரம். திங்கள் காலை ஏழரைக்கு விமான நிலையம், டிரைவர் சுகுமாரன் பெட்டிகளை ஏற்றி வைப்பார். எங்கள் ஹோட்டலிலிருந்து வீடு பத்து நிமிடம். மே மாதம் அம்மா போய்விட்டாள். நாட்டு எல்லைகள் மூடியிருந்தன. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அம்மை போட்டதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு இனி என்ன ஆகப்போகிறது? வாருங்கள் அப்பா.

ஜூன் 13, வெள்ளிக்கிழமை வந்து இறங்குங்கள். பழைய நகரத்திலேயே ஹோட்டல் பார்க்கிறேன். அன்று பகலில் அரண்மனைக் காவலர் மாற்றம், மாலையில் பழைய நகரத்துச் சந்துகள். எல்லாம் கல் பாவிய தெரு, மெதுவாக நடக்க வேண்டும். சனிக்கிழமை பகல், வாசா கப்பல். நானூறு வருடத்துக்கு முன்னால் ராஜா கட்டிய கப்பல், புறப்பட்ட அன்றே துறைமுகத்தில் மூழ்கிவிட்டது. அதைத் தூக்கி வைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும்.

சனி மாலை ஆறு மணிக்கு நம் வீடு. நானே வந்து அழைத்துப்போகிறேன். குட்டி உங்களுக்காக இலவங்கப்பட்டை ரொட்டி சுடப் போகிறாளாம். “தாத்தா” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு முழுக்க அவளோடுதான்.

அன்புடன்,
காமினி


ஜெலுத்தோங்
20 ஏப்ரல் 2025

தங்க மகளுக்கு,

உன் கடிதத்தில் “வாருங்கள் அப்பா” என்ற இடத்திலிருந்து லோகேஸ்வரனுக்குப் படித்துக் காட்டினேன், மருமகளுக்குப் படித்துக் காட்டினேன், பாசாரில் மீன்காரனைக்கூட விடவில்லை. அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம்.

அட்டவணை போட மட்டும் உனக்குத் தெரியவில்லை. பதினாறு மணி நேரம் பறந்து வருகிற கிழவனை இறங்கிய கையோடு காவலர் மாற்றம் பார்க்க நிறுத்தி வைப்பாயா? என் கம்பெனியில் வேலைக்கு வந்திருந்தால் முதல் வாரமே அனுப்பிவிட்டிருப்பேன்! வெள்ளி முழுக்க ஓய்வு என்று மாற்றிவிடு. சனி மாலை ஆறு மணியை மட்டும் தொடாதே.

குட்டிக்கு ஒரு சாமான் கொண்டு வருகிறேன். ஒரு ஜோடி தங்கக் காப்பு. நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டு உன் அம்மா வாங்கச் சொன்னது. தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். பாவம், நீ கடைசி நேரத்தில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய் என்றதும் இரண்டு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. கேட் சத்தம் கேட்டால் போதும், அந்தக் குழறின வாயால் “காமினியா?” என்று தலையைத் தூக்குவாள். நீ வரவில்லையே என்ற மனத்தாங்கல் கடைசி வரைக்கும் இருந்தது. நான்தான் சமாதானம் சொல்வேன், பிள்ளைக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும் என்று. போகட்டும், பழைய கதை எதற்கு. காப்பு குட்டி கைக்குச் சேர்ந்தால் அவள் ஆத்மா குளிரும்.

ஊறுகாய் கொண்டு வரட்டுமா? விமானத்தில் விடுவார்களா?

நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா


ஸ்டாக்ஹோம்
6 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

நீங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமை ஓய்வு என்று மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. சனி மாலை ஆறு மணிக்கு ஹோட்டல் வரவேற்பறையில் தயாராக இருங்கள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பை மறந்துவிடாதீர்கள். ஊறுகாய் வேண்டாம்.

சுகுமாரன் அண்ணனின் நம்பரை லோகேஸ்வரனிடம் வாங்கிக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பெட்டியை ஏற்றி வைத்தவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போயிருந்தேன். நெடுநேரம் பேசினார்.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும் அப்பா.

காமினி


(ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தது)
14 ஜூன் 2025, சனிக்கிழமை

அப்பாவுக்கு,

குட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது. உங்கள் வயதுக்கு ஆகாது, சர்க்கரை வேறு இருக்கிறது. வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

நாளைய அட்டவணை: காலை, படகுச் சவாரி. பகல், நகர மண்டபம். மாலை, சொந்த நேரம்.

காமினி


உன் வீட்டு மாடிப்படி
15 ஜூன், ஞாயிறு

காமினி அம்மா,

கடித உறையில் இருந்த விலாசத்தை டாக்சிக்காரரிடம் காட்டினேன். பதினைந்து நிமிடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார். கீழே யாரோ வெளியே வந்தபோது உள்ளே நுழைந்தேன். உன் கதவைத் தட்டினேன். குட்டி ஓடி வரும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ “உஷ்” என்றார்கள். கதவு திறக்கவில்லை.

நேற்று ஆறு மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கீழே வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் உன் தாளை நீட்டினாள். அம்மை என்ற சொல்லைப் படித்ததும் புரிந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இரவெல்லாம் யோசித்தேன். என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஐந்து வருடமாக எல்லோரிடமும் நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய் என்றே சொல்லிச் சொல்லி, அதை உன்னிடமே எழுதுகிறேன் என்பதுகூட உறைக்கவில்லை அம்மா.

நீ வந்திருந்த அந்த வாரம் லோகேஸ்வரனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் நிபோங் திபாலிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தாலியும் இல்லாமல் கையில் குழந்தையோடு நீ நடுக்கூடத்தில் நின்றால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். மூன்று நாள் பொய்தானே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலே மாதத்தில் உன் அம்மா போய்விடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்புதான். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

கதவை மட்டும் திற. ஐந்து நிமிடம் குட்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். கதவில் தபால் போடுகிற வாய் இருக்கிறது. காப்பையும் இதோடு சேர்த்துப் போடுகிறேன். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா


(ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தது)
15 ஜூன், மாலை

அப்பாவுக்கு,

நீங்கள் படியில் இருந்த ஒன்றேகால் மணி நேரமும் நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். நீங்கள் இருமியது கேட்டது. திறக்க மனசு வரவில்லை.

சுகுமாரன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மையெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க லா. வேப்பிலைய நான்தான் கட்டினேன். முதலாளி போட்டோ எடுத்தாரு, உடனே அவுத்துட்டேன். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது.” சொல்லிவிட்டு அழுதார்.

என்னைப் பார்த்து நீங்கள் வெட்கப்பட்டதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் நான் வரவே இல்லை என்று நம்பிக்கொண்டு அம்மா செத்திருக்கிறாள். பத்து நிமிடத் தூரத்து ஹோட்டலில் தங்கி நான் ஜாதிக்காய்த் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதமே உங்களை வர வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டும், இவ்வளவு கிட்டே வர வேண்டும் என்று இருந்தேன். இது நல்லதில்லை என்று மத்தியாஸ் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

தாத்தா கடைசி நேரத்தில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார் என்று குட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அழுதாள். சுட்ட ரொட்டியை அவளும் தொடவில்லை. இன்று நீங்கள் கதவைத் தட்டியதும் “தாத்தாவா?” என்று ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன்.

காப்பு அம்மாவுடையது, வைத்துக்கொள்கிறேன். குட்டி கைக்கு ஏறவில்லை.

இனி எழுத வேண்டாம். நாளை காலை ஏழரைக்கு டாக்சி வரும். டிரைவர் பெட்டியை ஏற்றி வைப்பார்.

காமினி