காட்டிக்கொடுக்காத கேமரா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதானே போடுகிறாய்?

போன வாரம் பார்சல் கொடுக்கப் போகும்போது ஒரு கார் என் பைக்கை லேசாக உரசிவிட்டது. கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தப்பு என்னுடையது என்று கார்க்காரர் சாதித்தார். இனி சாட்சிக்குக் கேமராவோடு ஓட்டு என்றார் மேலாளர். கேமராக் கடைக்காரர் இரண்டைக் கொடுத்து, மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கச் சொன்னார். ஒன்று ஹெல்மெட்டில் ஒட்டுவது, மற்றது மார்பில் மாட்டுவது.

ஹெல்மெட் கேமராவின் படத்தை அறைத்தோழனும் பார்த்தான்.

"டேய், ரோட்டப் பாருடா! போற வர்ற பெருசுங்களையெல்லாம் எதுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குற? பொண்ணுங்கள பாத்தாலாவது ஒரு நியாயம் இருக்கு!"

நானும் சிரித்தேன். பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யார் நடந்தாலும் படம் அந்தப் பக்கம் திரும்புகிறது. அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வர முடியாதவன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் போல. கார்க்காரர் சொன்னது பொய்யாக இருக்காது.

மார்பில் மாட்டுவதையே வாங்கினேன். என் தலை எங்கே திரும்பினாலும் அது சாலையை மட்டும்தான் பார்க்கும். பயப்படாதே, இப்போது கவனமாகத்தான் ஓட்டுகிறேன்.

ஒரே ஒரு வேலை. அப்பாவின் நீலக் கட்டச் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே. அது எந்த ஆணியில் தொங்குகிறது என்று மட்டும் எழுது. வீட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்தால் தெருவில் தேடமாட்டேன்.

பார்சல் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உன் மகன்