குழாயில் சுற்றிய எர்த் வயர்

வெள்ளிக்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. கேக் ஆர்டருக்காக வாங்கிய ஓவனுக்கும் கரண்ட் அடுப்புக்கும் இன்று சாயங்காலம் வயரிங் முடிந்தது. செய்தது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் முருகன். மீட்டரிலிருந்து தடித்த வயரில் தனி லைன், லோடு கூடினால் தானாக அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச். அதுவரைக்கும் சரி. எர்த் வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஜன்னல் வழியாக இறங்கி, சந்திலுள்ள பொதுக்குழாயின் இரும்பில் சுற்றியிருந்தது.

"தாராவியில எல்லா வீட்டுலயும் இப்படித்தான் மதினி. சல்தா ஹை, இதெல்லாம் ஓடும்" என்றான்.

"ஓவன்ல கரண்டு லீக் ஆச்சுன்னா அந்தக் குழாய்க்குல்லா போவும்? அதுலதான எல்லாரும் தண்ணி புடிக்கோம்?"

அவன் சிரித்தான். இவரோ, "நாளைக்கு ஆர்டர் இருக்குல்லா? அடுத்த வாரம் மாத்திக்கிடலாம்" என்றார்.

மெயினை அணைத்தேன். முருகன் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துப் போய், குழாயடியிலேயே அந்த வயரை வெட்டினேன். மீட்டருக்குக் கீழே கட்டடத்தின் எர்த் இருக்கிறது. அதுவரை வயர் இழுக்காமல் என் வீட்டில் ஓவன் ஓடாது என்றேன். நாளைய ஆர்டரையும் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

"ஓவன் வந்ததும் ஒனக்குத் திமிரும் வந்துட்டு" என்று சொல்லிவிட்டு இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். படுக்கட்டும்.

விடிந்தால் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டு பாத்திமாதான் எப்போதும் முதலில் வருவாள், செருப்பில்லாமல், தூக்கக் கலக்கத்தோடு. வந்து குழாயைத் திறக்கட்டும்.