இன்னும் ஒரு இஞ்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நீ அழைக்கும்போதெல்லாம் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னால் அப்பாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா இளைத்துவிட்டார் என்று போன முறை வீடியோ காலில் பார்த்துக் கைதட்டினாயே, அதைப் பற்றித்தான். நீ பார்த்தது நிஜம். அடிக்கடி தன் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறார். "தொப்பையோட நிக்கிற தையல்காரன்கிட்ட எவன் அளவு குடுப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து டீக்கடைப் பூனை கொழுத்துக்கொண்டே வந்ததையாவது கவனித்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருவருடைய கோட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டார். யார், நம் அப்பா! கை நடுங்கி, சட்டை தொப்பலாக நனைந்து, வெட்டும் மேஜையடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர்தான் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்தார். நம் வீட்டில் ஒளித்து ஒளித்து வைக்கிறோமே, அதே சர்க்கரை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போன பிறகுதான் தெரிந்தது, சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டிருக்கிறார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். "உடம்பைக் குறைங்கன்னேன், உங்களையே குறைச்சுக்கச் சொல்லலியே" என்று டாக்டரம்மா திட்டினார். மாத்திரையை மாற்றியிருக்கிறார். வேளை தவறக்கூடாது. தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ, மிச்சம்தான் சோறு. தினமும் நடக்க வேண்டும். எடை மெதுவாக இறங்கினால் போதுமாம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஊர்ல எல்லார் அளவும் தெரியும், தன் தட்டளவு தெரியாது" என்றாள். அதற்கும் அப்பா சிரித்தார்.

ஆனால் நேற்றும் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். "பெரியவ வர்றதுக்குள்ள இன்னும் ஒரு இஞ்ச்" என்கிறார். 'நான் வரும்போது கல்யாண போட்டோவில இருக்கிற அப்பாவா இருக்கணும்' என்று நீ விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டுவிட்டார். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கத் தவறாத மனிதர், அதுதான் எனக்குப் பயம்.

யோசித்துப் பார்த்தேன். சர்க்கரை வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவரைச் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீங்க, அதை ஏன் சாப்பிட்டீங்க, இப்படித்தான். போலீஸ் விசாரணை. இப்போது திடீரென்று நான் கேட்டால் வேவு பார்ப்பதாக நினைத்து முறைக்கிறார். நீ கேட்டால் அப்படி இருக்காது.

மிஷின் நின்றுவிட்டது. இரு.

நூல் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோர்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டுவார். இடுப்பைப் பார்க்காதே அக்கா. எவ்வளவு குறைந்தது என்று கேட்காதே. "சாப்பிட்டாச்சாப்பா?" என்று மட்டும் கேள். பதில் வரும்வரை போனை வைக்காதே.

குழந்தைக்கு என் முத்தம்.

உன்,
வாயில்லாப்பூச்சி