காட்டிய பிளேடு வேறு, அறுத்த பிளேடு வேறு

அன்புள்ள ரம்பம் அண்ணனுக்கு,

உங்கள் யூடியூப் சேனலின் ரசிகர் குழு அட்மின் வேலையிலிருந்து இன்றோடு விலகுகிறேன், அதுவும் சும்மா இல்லை, இந்தக் கடிதத்தைக் குழுவிலேயே எல்லோரும் படிக்கப் போட்டுவிட்டுத்தான் விலகுகிறேன்.

நலம்தானே? இங்கே என் அக்காவுக்குக் கன்னத்தில் தையல், கண்ணுக்குச் சற்றுக் கீழே. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளுடைய சலவைக் கடைக்குப் பெயர்ப்பலகை செய்ய அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் வாங்கினோம். "கடையிலயே அறுத்துத் தரச் சொல்லேன்டா" என்றாள் அம்மா. "எங்க அண்ணன் வீடியோவே போட்டாச்சு, நீ பேசாம இரும்மா" என்று நான்தான் வாயை அடைத்தேன். மரம் அறுக்கிற பிளேடை, பெரிய பெரிய பல் உள்ளதைத் தூக்கிக் காட்டி, "இதுவே போதும் தம்பிகளா, வெண்ணெய் மாதிரி போகும்" என்றீர்களே, அதையே வாங்கி அறுக்கும் மெஷினில் மாட்டினேன். கேமராவில் பளபளக்க ஷீட்டின் பாதுகாப்பு மேல்தாளை உரித்தீர்கள், நானும் உரித்தேன். நீங்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை, நாங்களும் போடவில்லை. அக்கா ஒரு முனையைப் பிடித்திருந்தாள். பாதிகூடப் போகவில்லை, பல் ஷீட்டைக் கவ்வித் தூக்கியது, ஷீட் வெடித்துச் சிதறியது.

முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மெஷின் ஓடத் தொடங்கும் முன் ஒரு நொடி தெரிகிறது: பொடிப்பொடியாக, நெருக்கமான பல். அக்ரிலிக்குக்கென்றே விற்கிற பிளேடு. பிளேடு கம்பெனியின் விளம்பரத்துக்குக் காட்டியது ஒன்று, அறுத்தது வேறொன்று. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கமெண்டில் கேட்டேன், அழித்துவிட்டீர்கள். மறுபடி கேட்டதற்கு, "தம்பிக்குக் கை பழகலை போல" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. அக்கா அதைப் படித்துவிட்டு, "இன்னொரு கன்னம் பாக்கி இருக்குடா, அடுத்த வீடியோ எப்போன்னு உங்க அண்ணனைக் கேளு" என்றாள். சிரித்தால் அவளுக்கு இழுத்து வலிக்கிறது.

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் எனக்கு உங்களைப் போலப் பொறுமையாக எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம். நன்றாக இருங்கள். ஆனால் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, எந்தப் பிளேடில் அறுத்தீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

குழுவில் இருப்பவர்களே, பலர் ஷீட் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிளேடில் அறுக்காதீர்கள். இதை எல்லோருக்கும் அனுப்புங்கள். ஏற்கெனவே அடிபட்டவர்கள் வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள். அவர் அழித்தால் மறுபடி எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் தம்பிதான்