கடலுக்கு அப்பால் தொங்கும் நூல்

இராஜபாளையம்
நவம்பர் 20

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ஜோயலும் குட்டிப் பயல் கிறிஸ்டோவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். குருசாமி அண்ணாச்சியின் மகன் வினோத் சனிக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அவனிடம் பருப்புப் பொடியும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ ஒன்று பஸ்ஸில் நின்றுகொண்டு பேசுகிறாய், இல்லையென்றால் பயல் ஃபோனைப் பிடுங்குகிறான். நான் ஆரம்பிப்பதற்குள் சரிப்பா வைக்கட்டுமா என்கிறாய். இது கொஞ்சம் நீளமான விஷயம்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர் பேறுகால விடுப்பில் போனதால் செவ்வாயும் புதனும் எட்டாம் வகுப்புக்கு நான் போய் வருவது உனக்குத் தெரியும். தொழிலகங்கள் பாடம் வந்தது. புத்தகத்தில் உள்ளபடி மூலப்பொருள், சந்தை, போக்குவரத்து என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், முகத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு பேண்டேஜ் சுருளைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இது எங்கே பிறந்து எங்கே போகிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது இந்தத் துணித் தறியில்தான் வேலை பார்க்கிறார்கள். அவ்வளவுதான், அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. கணக்கு வகுப்பில் ஒரு சுருளுக்கு எத்தனை மீட்டர் நூல் என்று போட்டுப் பார்த்தார்கள். தமிழ் வகுப்பில் அம்மாமாரைப் பேட்டி எடுத்து எழுதினார்கள். அறிவியல் வாத்தியார் விக்னேஸ்வரன், சார் உங்க பாடத்துக்கு என் லேப்ல துணி துவைக்க வச்சிட்டீங்களே, வெள்ளாவிக்கு எம்புட்டுக் கூலி தருவிய என்று கேலி செய்துகொண்டே இரண்டு துண்டுகளைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். தறியிலிருந்து அப்படியே வந்தது மிதந்தது, வெளுத்தது முங்கியது. பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு, அது போனால்தான் துணி ரத்தத்தை உறிஞ்சும் என்று அவர் விளக்கினார். உடனே மாரிசெல்வம் என்று ஒரு பயல், அப்போ மெழுகு எடுத்த தண்ணிய எங்க சார் ஊத்துவாங்க என்று எழுந்து நின்றான். பார்த்தாயா, வேதியியலில் தொடங்கி ஊர்க் கண்மாய்க்கு வந்துவிட்டான். நீ ஒரு நோயாளியைப் பார்க்கும்போது காய்ச்சல் அறிவியல், மருந்தளவு கணக்கு, அவர் பயப்படுவது வேறு பாடம் என்று பீரியட் பிரித்தா பார்க்கிறாய்? உலகம் மணியடித்துப் பாடம் மாறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அப்படி.

சத்திரப்பட்டிப் பக்கம் தறி வைத்திருக்கும் சேதுபதி என்பவர் பிள்ளைகளை உள்ளே விட்டார். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்ததும், அம்மா தறியில் வேலை பார்க்கும் விஜி என்ற பிள்ளை, எங்கம்மா வீட்லயும் கத்தித்தான் சார் பேசும், எப்பப் பாரு சண்டைக்கு வருதுன்னே நெனச்சிருந்தேன் என்றாள். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. துணி எங்கே போகிறது என்று கேட்டதற்குச் சேதுபதி, தூத்துக்குடி ஹார்பர் வரைக்கும் எனக்குத் தெரியும் சார், பொறவு ஏஜண்டு பாத்துக்கிடுவாரு என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் உலகப் படத்தில் பருத்திக்காட்டிலிருந்து நூற்பாலை, தறி, துறைமுகம் என்று குண்டூசி குத்தி ஒரு நூலை இழுத்துக்கொண்டே போனார்கள். துறைமுகத்தில் நூல் நின்றுவிட்டது. அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என் மகள் அயர்லாந்தில் நர்ஸ், அவளுடைய வார்டில் இருக்கும் பாக்கெட்டில் எந்த ஊர் என்று போட்டிருக்கும், கேட்டுச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

உன்னிடம் கேட்டேன். பாக்கறேன்பா என்றாய். அடுத்த வாரமும் கேட்டேன், அய்யோ மறந்துட்டேன்பா என்றாய். அதன் பிறகு நான் கேட்கவில்லை. உனக்கு இருக்கிற வேலையில் இது ஒரு வேலையா என்று எனக்கே தோன்றியது. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. நான் உள்ளே நுழையும்போதே சார் அக்கா சொல்லிட்டாங்களா என்று ஒரே குரலாகக் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் பள்ளிகளுக்கான கண்காட்சி நெருங்கியதும் தலைமையாசிரியை, லண்டன்னு எழுதி ஒட்டிருங்க சார், யாரு போய்ப் பாக்கப் போறா என்றார். நல்ல மனுஷி, படம் முழுசாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான். நான்தான், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒட்டினா இம்புட்டு நாள் படிச்சது வீணாப் போயிரும் டீச்சர் என்று மறுத்துவிட்டேன். நூலின் நுனியைக் கடலின் மேல் தொங்க விட்டே கொண்டுபோனோம்.

போன வியாழக்கிழமை கண்காட்சி. நடுவராக வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். துணி மிதப்பதையும் முங்குவதையும் இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னார். கடைசியில் அந்த நூலைப் பிடித்து, இது ஏன் தம்பி தொங்குது என்று கேட்டார். மாரிசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு, எங்க சாரோட மக இன்னும் சொல்லல சார், அவிய பேசுறதே கம்மி என்றான். சுற்றி நின்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஜி அவன் தொடையில் கிள்ளி, ஏலே வாயப் பொத்து என்றதும் என் காதில் விழுந்தது. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. நீ ஃபோனில் பேசுவதே கம்மி என்று ஒருநாள் வகுப்பில் நான்தான் சொல்லியிருந்தேன். கண்டதைச் சொல், கேட்டதைச் சொல், கூட்டிச் சொல்லாதே என்று அவனுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பஸ்ஸில் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பிரிந்து போனபின் வீட்டுக்கு வந்தேன், பரிசு கிடைத்ததைச் சொல்ல ஆள் இல்லை. அம்மா இருந்தால் முதல் பரிசு ஏன் கிடைக்கவில்லை என்று சண்டை பிடித்திருப்பாள். சமைக்கும்போது டிவியை ஓட விட்டிருப்பேன், ஆள் பேச்சு கேட்குமே என்று. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காலையில் பால்காரரிடம் பேசுவதோடு சரி, சாயங்காலம் யாராவது கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொண்டு குரல் வருவதில்லை. உலையில் போடும் அரிசி இன்னமும் இரண்டு பேர் அளவுக்கே வந்துவிடுகிறது, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் சாப்பிடுகிறேன். இதையெல்லாம் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை ஸ்வீட்லின். அங்கே அழைத்துக்கொள் என்றும் கேட்கவில்லை, அந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஆகாது. நீ எத்தனை பேருடைய வலியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறாய், அங்கே பயல் ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அந்தப் பயல் சொன்னது ஒரு வாரமாகக் கூடவே இருக்கிறது.

டிசம்பர் பத்தாம் தேதி அந்த டீச்சர் வேலைக்குத் திரும்புகிறார். அதற்கு முந்தின புதன்கிழமைதான் எனக்கு எட்டாம் வகுப்பில் கடைசி வகுப்பு. அன்றைக்கு மட்டும் ஃபோனை மேசைமேல் வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். நீ கூப்பிட்டுப் பிள்ளைகளிடமே சொல். பாக்கெட்டில் வேறு நாட்டுப் பெயர் இருந்தால் அதைச் சொல். எங்கிருந்து வந்தது என்றே போடவில்லை என்றால் அதையும் சொல், அதுவும் அவர்களுக்குப் பாடம்தான். பாக்கெட்டையே பார்க்க முடியாமல் போனால் பார்க்க முடியவில்லை என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். விஜியின் பேட்டியில் ஒரு பக்கம் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், டியூட்டி இல்லாத நாளில் படி.

நைட் டியூட்டிக்குப் போகுமுன் ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் காப்பி போதாது. கிறிஸ்டோவுக்குத் தமிழிலேயே பேச்சுக் கொடுங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காதே, புதன்கிழமை, இங்கே மதியம் இரண்டு மணி, உனக்குக் காலை எட்டரை. பாக்கெட் கிடைக்காவிட்டாலும் கூப்பிடு.

அன்புடன் ஆசீர்வதிக்கும்
அப்பா
தேவஇரக்கம்